ஏட்டில் ஏறாத நாணயம்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். இரண்டும் எளிதில் முடியாத காரியங்கள் என்பது அதன் பொருள். கிழக்கிலங்கையிலோ இவை இரண்டல்ல, ஒன்றே. தமிழராயினும் முஸ்லிம்களாயினும், மகளுக்கு மணம் பேசும் தந்தை அவளுக்கென ஒரு வீட்டையும் சேர்த்தே பேசவேண்டும் என்பது இப்பகுதியின் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கம் நன்றா, தீதா என்பதை இன்று நாம் ஆராயப் புகவில்லை. வீடின்றி மணமில்லை என்ற நிலை இருக்கும்வரை, வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வருவது என்ற கேள்வி ஒவ்வொரு குடும்பத்தின் வாசலிலும் நின்றுகொண்டே இருக்கும். அக்கேள்விக்கு நம் நாட்டு வங்கிகள் தரும் விடையைப் பற்றியே எழுத விரும்புகிறோம்.

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூரை எடுத்துக்கொள்வோம். குடாவுக்கு அப்பால் திருகோணமலைப் பட்டினம். இப்பால் மூதூரும் தோப்பூரும் சம்பூரும் கட்டைபறிச்சானும் சேனையூரும் கிளிவெட்டியும். கடலும் வயலுமே இவ்வூர்களின் வாழ்வு. இங்கே முப்பத்தைந்து வயதுக் கடற்றொழிலாளர் ஒருவரை மனத்திற் கொள்வோம். பதினைந்து ஆண்டுகளாகக் கடலுக்குப் போகிறவர். படகு எந்திரத்துக்குச் சம்மாட்டியிடம் பட்ட கடனை மீன் கொடுத்தே தீர்த்தவர். ஊரிலே கட்டும் மாதச் சீட்டில் ஒரு முறையும் தவறாதவர். கடைக் கொப்பியில் ஏறிய கணக்கைப் பெருநாளுக்கு முன் அடைத்துவிடுபவர். நாணயமானவர் என்று ஊரார் சொல்லும் மனிதர். மூத்த மகள் வளர்ந்து வருகிறாள். இருபது இலட்சம் ரூபா வீட்டுக் கடன் கேட்டு அவர் வங்கிப் படியேறுகிறார். அடையாள அட்டை இலக்கத்தைக் கணினியில் இட்டுப் பார்த்த உத்தியோகத்தர், “உங்களுக்குப் பதிவு ஒன்றும் இல்லையே” என்கிறார். அவ்வளவில் பேச்சு முடிகிறது.

இவர் நாம் கற்பனை செய்த மனிதர்தான். ஆயினும் மூதூர் வாசகர் எவரும் இவரைத் தம் தெருவிலேயே கண்டுகொள்வர்.

வங்கி சொல்லும் அந்தப் ‘பதிவு’ என்ன? 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்டது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். ‘கிரிப்’ என்று மக்கள் வழங்குவது இதனையே. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தாம் கொடுத்த கடன்களையும், அவை ஒழுங்காகத் திரும்பி வருகின்றனவா என்பதையும் இப்பணியகத்துக்கு அறிவிக்கின்றன. புதிதாகக் கடன் கேட்டு வருபவரின் வரலாற்றை அங்கிருந்து கேட்டுப் பெறுகின்றன. கடன்பட்டவரின் கணக்கோடு, அவருக்குப் பிணை நின்றவரின் கணக்கும் அங்கே உண்டு. பணியகம் எவரைக் குறித்தும் ‘கொடு’ என்றோ ‘கொடாதே’ என்றோ சொல்வதில்லை. கறுப்புப் பட்டியல் ஒன்று அங்கே இருப்பதாக ஊரில் பேசிக்கொள்வதும் சரியன்று. பணியகம் கணக்கைக் காட்டுகிறது. முடிவு செய்வது வங்கியே.

ஆகவே நம் மனவருத்தம் பணியகத்தின் மீதன்று. கடன் வாங்கி ஏமாற்றுவோரை அடையாளங் காண்பதற்கு இத்தகைய ஏடு வேண்டியதே. பல இடங்களில் கடன்பட்டு மூழ்கும் ஒருவருக்கு மேலும் ஒரு கடனைக் கொடுத்து அவரை அழிக்காதிருப்பதற்கும் அது உதவும். நாம் கேட்பது வேறு. கரிய பக்கத்தையும் வெற்றுப் பக்கத்தையும் ஒன்றாகப் படிப்பது எந்த நியாயம்? கடன் வாங்கித் திருப்பிக் கொடாதவனின் பக்கம் கரிய பக்கம். கடனே வாங்காதவனின் பக்கம் வெற்றுப் பக்கம். முன்னவன் தவறியவன், பின்னவன் சோதிக்கப்படாதவன். இருவரையும் ஒரே வாசலால் வெளியே அனுப்புவது, பரீட்சை எழுதாத மாணவனையும் பரீட்சையில் தவறிய மாணவனையும் ஒரே வரிசையில் நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

மூதூரின் பக்கம் ஏன் வெறுமையாய் இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள், 2006 இல், யுத்தம் இப்பகுதியை மூடியது. அவ்வாண்டு ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கு ஓடினர். சம்பூர்த் தமிழ் மக்கள் அதே ஆண்டில் ஊரைவிட்டு வெளியேறி, முகாம்களில் ஆண்டுகளைக் கழித்து, 2015 இலும் 2016 இலுமே சொந்த மண்ணை மிதித்தனர். இருபது வயதில் தொழில் தொடங்கி, முப்பது வயதில் வீடு கட்டியிருக்க வேண்டிய ஒரு தலைமுறையின் மிக நல்ல ஆண்டுகள் கூடாரத்திலும் தகரக் கொட்டகையிலும் போயின. நிலையான முகவரி இல்லாதவனுக்கு எந்த வங்கி கடன் கொடுத்திருக்கும்? கடன் கொடாத வங்கி, கடன் வரலாறு எங்கே என்று இன்று கேட்கிறது. வீட்டுக்குள் வராதே என்று தடுத்தவரே, ஏன் வரவில்லை என்று குற்றஞ்சாட்டுவது போலன்றோ இஃது!

மற்றொரு காரணமும் உண்டு. வட்டியைத் தம் மார்க்கம் விலக்கியிருப்பதால் வங்கிக் கடனை நாடாமலே வாழ்ந்துவரும் முஸ்லிம் குடும்பங்கள் மூதூரில் பல. அது ஒழுக்கம் பற்றிய அவர்தம் தீர்மானம். அதனை மதிப்பது நம் கடமை. வங்கிச் சட்டம் 2005 இல் திருத்தப்பட்ட பின்னர் வட்டியில்லா முறையில் வீடு வாங்கும் வழி இந்நாட்டில் திறந்தது. அமானா வங்கி 2011 இல் தொழில் தொடங்கியது. வங்கியும் வாடிக்கையாளரும் கூட்டாக வீட்டை வாங்கி, வங்கியின் பங்கை வாடிக்கையாளர் சிறிது சிறிதாக வாங்கிக்கொண்டு, எஞ்சிய பங்குக்கு வாடகை செலுத்தும் முறை இப்போது வழக்கில் உள்ளது. நல்ல முறைதான். எனினும் அங்கே விண்ணப்பிப்பவரையும் முன்னைய வரலாறு எங்கே என்ற கேள்வி விடாது தொடர்கிறது. வட்டிக்கு அஞ்சிக் கடன் வாங்காதவர், வட்டியில்லாக் கடனுக்கும் தகுதியற்றவராக நிற்பது எத்தகைய விபரீதம்!

மூதூரார் கடன் கொடுத்தல் வாங்கல் அறியாதவர்கள் அல்லர். சீட்டுக் கட்டுகிறார்கள். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கித் திருப்புகிறார்கள். சமுர்த்தி வங்கியிலும் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் பெண்கள் வாரந்தோறும் பணம் கட்டுகிறார்கள். வளைகுடா நாடுகளிலிருந்து பிள்ளைகள் மாதந்தோறும் அனுப்பும் பணம் உண்டியல் வழியாக வந்து சேர்கிறது. நகையை அடைவு வைத்து விதைநெல் வாங்கி, அறுவடையில் அந்நகையை மீட்கிறார்கள். இவற்றிலெல்லாம் வாக்குத் தவறாமை இருக்கிறது. தவணை தவறாமை இருக்கிறது. ஆனால் நகையை வாங்கி வைப்பவர் பொன்னை நம்புகிறாரேயன்றி ஆளை நம்புவதில்லை. சீட்டுக்கு ஏடு இல்லை. உண்டியலுக்குச் சுவடே இல்லை. நாணயம் நிறைய உண்டு. அஃது ஏட்டில் ஏறவில்லை. மூதூரின் குறை இதுவே.

வங்கியின் பக்கத்து நியாயத்தையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. வங்கி கொடுப்பது தன் பணமன்று. சேமித்து வைத்தவரின் பணம். திருப்பிக் கட்ட இயலாதவருக்கெல்லாம் வீட்டுக் கடனை வாரி வழங்கினால் என்ன நேரும் என்பதை 2007 இலும் 2008 இலும் அமெரிக்கா உலகுக்குக் காட்டிற்று. வருவாயைக் கேட்காமலே கடன் கொடுத்தனர். கடன் பத்திரங்களைக் கட்டாகக் கட்டி விற்றனர். இறுதியில் வீடிழந்தவர் ஏழைகளே. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து பாருங்கள் என்றே சொல்கிறோம். கணினித் திரையில் தெரிவதை மட்டும் பார்ப்பது அரைக்கண் பார்வை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. வெள்ளையர் ஆட்சியில் இந்நாட்டு வங்கிகள் பெரும்பாலும் ஆங்கிலேயருடையவை. அவை இலங்கையருக்கு நேரே கடன் கொடுக்கத் தயங்கின. உன்னை நாம் அறியோம் என்பதே அன்றும் சொல்லப்பட்ட காரணம். இடையிலே உத்தரவாதம் சொல்லச் சிறாப்பர் ஒருவர் வேண்டும். அல்லது நாட்டுக்கோட்டைச் செட்டியாரிடம் சென்று கூடிய வட்டிக்கு வாங்க வேண்டும். இக்குறையை ஆராய்ந்த வங்கித்துறை ஆணைக்குழு, சேர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் 1934 இல் தன் அறிக்கையைத் தந்தது. அரசாங்க உதவியுடன் உள்நாட்டு வங்கி ஒன்று வேண்டும் என்பது அதன் விதந்துரை. 1939 இல் இலங்கை வங்கி பிறந்தது அதன் பயனாகவே. அறியப்படாதவரை அறிந்துகொள்வதற்காகப் பிறந்தவை நம் அரச வங்கிகள். மக்கள் வங்கி 1961 இல் கூட்டுறவு இயக்கத்தோடு கைகோத்தே எழுந்தது. வீட்டுக்கும் நிலத்துக்கும் கடன் கொடுப்பதற்கென்றே 1931 இல் அரச ஈட்டு வங்கி தோன்றியது. பின்னர் அரச ஈட்டு முதலீட்டு வங்கியாக மாறியது. தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை 1979 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. இத்தனை நிறுவனங்களும் ‘உங்களுக்குப் பதிவு இல்லை’ என்ற விடையையே தருமாயின், அன்று ஆங்கில வங்கி தந்த விடைக்கும் இன்று தேசிய வங்கி தரும் விடைக்கும் மொழியைத் தவிர வேறு வேற்றுமை யாது?

மொழியில் வேற்றுமை என்றோம். அதுகூட முழுவதும் உண்மையன்று. ஈட்டு உறுதியும் கடன் உடன்படிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நீட்டப்படுகின்றன. தமிழும் இந்நாட்டின் ஆட்சி மொழி என அரசியலமைப்புச் சொல்லிப் பல்லாண்டுகள் ஆயின. இருபது ஆண்டுகள் தன் வீட்டைக் கட்டிப்போடும் பத்திரத்தை, வாசிக்கத் தெரியாத மொழியில் ஒருவர் ஒப்பமிடுகிறார்.

அரசாங்கமே கடன் தவறியதை நாடு மறக்கவில்லை. 2022 ஏப்ரில் 12 இல், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. அதனிலும் கரிய பக்கம் ஒன்று இருக்க முடியுமா? ஆயினும் பதினொரு மாதங்களின் பின்னர், 2023 மார்ச் 20 இல், சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவிக்கு அங்கீகாரம் வழங்கியது. நிலைமையை ஆராய்ந்தனர், நிபந்தனை விதித்தனர், தவணை தவணையாகக் கொடுத்தனர். நாடு மூழ்காதிருக்க அது வேண்டியதே. ஆனால் தவறியவரின் பக்கத்தையே இவ்வளவு பொறுமையோடு புரட்டிப் படிக்க முடியுமாயின், ஒருகாலும் தவறாத மூதூர் மீனவரின் வெற்றுப் பக்கத்தைச் சற்றே நின்று படிக்க முடியாதா?

கடன் வரலாறு முதற்பூட்டு. இரண்டாம் பூட்டு காணி. வீட்டுக் கடனுக்கு ஈடாக நிற்பது காணியே. வங்கியின் சட்டத்தரணி உறுதியைக் கேட்பார். முன்னைய உடைமைத் தொடரைக் கேட்பார். நில அளவைப் படமும், காணிப் பதிவகத்தின் பதிவுப் பிரதியும், பிரதேச சபை அங்கீகரித்த கட்டடப் படமும் கேட்பார். ஆழிப்பேரலையில் பெட்டகத்தோடு போன உறுதிகள் உண்டு. ஷெல்லுக்கு அஞ்சி ஓடிய இரவில் விட்டுவந்த உறுதிகள் உண்டு. அல்லை முதலிய குடியேற்றப் பகுதிகளில் மக்கள் இருப்பது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணிகளில். அவற்றை உடையவர் தம் விருப்பம்போல் ஈடு வைக்க இயலாது. பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். காணி விற்பனையாகி ஏழை நிலமற்றவனாகிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தால் எழுந்த சட்டம் அது. அதே சட்டம் இன்று அவன் கடன் வாசலையும் அடைத்து நிற்கிறது. 2024 பெப்ரவரியில் ‘உறுமய’ என்ற பெயரில் முழு உரித்து உறுதிகள் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. ஆட்சிகள் மாறலாம், திட்டங்களின் பெயர்களும் மாறலாம். அலைக்கழிக்காமல் உறுதியைக் கையிற் கொடுக்கும் திட்டமே மக்களுக்குத் திட்டம்.

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். மூதூரில் வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரில். உழைப்பு ஆணின் கையில். அனுமதிப்பத்திரக் காணியிலோ, உடையவர் இறந்தால் ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்று சட்டம் நீண்டகாலம் சொல்லிவந்தது. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வேற்றுமையை நீக்கியது. சட்டம் திருந்திவிட்டது, அலுவலகங்களின் வழக்கமும் திருந்த வேண்டும். கணவனும் மனைவியும் கூட்டாக விண்ணப்பிக்கும்போது, மனைவி சங்கத்தில் கட்டிய கணக்கையும் வங்கி கணக்கில் எடுத்தல் வேண்டும்.

வங்கி கதவடைத்தால் மகளின் மணம் நின்றுவிடுமா? நில்லாது. தந்தை வேறு வாசலுக்குப் போவார். அங்கேதான் ஆபத்து. கணக்கைப் பார்ப்போம். இருபது இலட்சம் ரூபாவைப் பதினைந்து ஆண்டுகளுக்கு, குறைந்து செல்லும் மீதிக்கு நூற்றுக்கு 12 வட்டியில் பெற்றால், மாதக் கட்டணம் ஏறத்தாழ 24,000 ரூபா. அதையே நூற்றுக்கு 16 வட்டியில் பெற்றால் மாதம் ஏறத்தாழ 29,400 ரூபா. பதினைந்து ஆண்டு முடிவில் இருவர் கட்டிய தொகைக்கும் உள்ள வேற்றுமை 9 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல். வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் கூடிய வட்டிக்குத் தள்ளப்படுபவர், கட்டிய வீட்டின் பாதி விலையை மீண்டும் ஒருமுறை கொடுக்கிறார். சிறுகடன் கம்பனிகளின் வட்டியோ இதனினும் கொடிது. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பட்ட நுண்கடன்களில் ஓர் இலட்சம் ரூபா வரையானவற்றை நீக்கும் நிலைக்கு அரசாங்கமே வந்தது. வங்கி மறுத்தவரைத் தேடிவந்து கதவைத் தட்டும் கடன், அவர் கதவையே ஒருநாள் கொண்டுபோகும்.

எனவே செய்யவேண்டியவை யாவை?

முதலாவதாக, அரச வங்கிகளும் வீடமைப்புக்கென்று அமைந்த நிறுவனங்களும், முதன்முறை விண்ணப்பிப்பவருக்கு மாற்றுச் சான்றுகளை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பேரேடு, சமுர்த்தி வங்கிப் புத்தகம், இரண்டு ஆண்டு மின்சாரக் கட்டணப் பற்றுச்சீட்டுகள், மீன் விற்பனைச் சிட்டைகள், நெல் கொள்வனவுச் சிட்டைகள், வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்த பணத்தின் கணக்கு ஆகியவை சம்பளச் சீட்டுக்கு எவ்வகையிலும் குறைந்தவை அல்ல. சங்கத்தின் பேரேட்டைக் கூட்டுறவு அபிவிருத்தி உத்தியோகத்தர் அத்தாட்சிப்படுத்தலாம். அதன்பின் அதனை நம்புவதற்கு வங்கிக்கு என்ன தடை?

இரண்டாவதாக, கடனைப் படிப்படியாகக் கொடுக்கலாம். அத்திவாரத்துக்கு ஒரு தொகை, அது ஒழுங்காகத் திரும்பி வந்தால் சுவருக்கு ஒரு தொகை, பின்னர் கூரைக்கு. மூன்றாம் படிக்கு வரும்போது அவருக்குக் கடன் வரலாறும் உண்டு. தலைக்குமேல் கூரையும் உண்டு. இது புதுமையன்று. 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டம், சிறுசிறு கடன்களால் மக்களே தம் வீட்டைக் கட்டும் வழியைத்தான் காட்டிற்று. சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களும் அதிற் பங்கேற்றன. ஊரை அறிந்த சங்கத்தை நடுவே வைத்தால் வங்கிக்கு ஆளை அறிவது எளிதாகும்.

மூன்றாவதாக, தவணையைத் தொழிலின் காலத்தோடு பொருத்தல் வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும்; மீனவர் கரையில் இருப்பர். வயலில் பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில். சிறுபோகத்தினது ஆகஸ்டு, செப்டெம்பரில். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கும் எழுதுவினைஞருக்கு வகுத்த தவணையை, மார்கழி மழையில் வள்ளத்தைக் கரையேற்றிக் கட்டியிருப்பவர் மேல் சுமத்தினால் அவர் தவறாது வேறு என் செய்வார்? நல்ல மாதத்தில் கூடவும் கெட்ட மாதத்தில் குறையவும் கட்ட இடங்கொடுத்தால், தவறியவர் என்ற பெயர் அவருக்கு வராது; வங்கிக்கும் நட்டம் வராது.

நான்காவதாக, கடன் மறுக்கப்படுமாயின் அதற்கான காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். நிதி நுகர்வோரைப் பாதுகாக்க மத்திய வங்கி 2023 இல் ஒழுங்குவிதிகளை ஆக்கியுள்ளது. அவை கொழும்பிலே அச்சிட்ட தாளில் இருந்தாற் போதாது. மூதூர்க் கிளையின் மேசைக்கும் வந்து சேரவேண்டும்.

அரசாங்க உத்தியோகத்தருக்கும் கம்பனி ஊழியருக்கும் இவ்வழிகள் ஏற்கெனவே ஓரளவு திறந்துள்ளன. 1958 ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியிலுள்ள மீதியைப் பிணையாகக் காட்டி வீட்டுக் கடன் பெறச் சட்டம் இடந்தருகிறது. அந்நிதியில் மீனவருக்கும் கமக்காரருக்கும் கணக்கில்லை. சம்பளச் சீட்டு உள்ளவனுக்கு ஒரு நீதி, உழைத்த கைதான் சாட்சி என்பவனுக்கு ஒரு நீதி என்பது இனியும் தொடரலாகாது.

அரசாங்கத்துக்கும் வங்கிக்கும் சொன்ன பின்னர், நம் மக்களுக்கும் சில சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். பிறர் திருந்தும்வரை நாம் கைகட்டி இருப்பது அறிவுடைமையாகாது. வீடு கட்ட நினைப்பவர் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஆயத்தம் செய்தல் வேண்டும். ஒரே வங்கியில் ஒழுங்காகச் சேமித்து வருக. கைக்கு வரும் பணம் சிறிதாயினும் கணக்கு வழியாகவே போய்வரட்டும். வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பும் பணத்தை உண்டியலை விடுத்து வங்கி வழியாகப் பெறுக. சில ரூபா குறையலாம், ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒரு சாட்சி பதிவாகும். சிறு கடன் ஒன்றைப் பெற்று, தவணை தவறாது கட்டி முடிப்பதும் வரலாறு எழுதும் வழியே. வீண்செலவுக்கு வாங்கும் கடன் அவ்வழியன்று. வட்டியை விலக்குவோர் வட்டியில்லா முறையில் வலையோ எந்திரமோ வாங்கித் தவணை கட்டலாம்.

கொடுகடன் தகவல் பணியகத்தில் தம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை எவரும் கட்டணம் செலுத்திக் கேட்டறியலாம். விண்ணப்பிக்கு முன் அதனை வாங்கிப் பார்ப்பது நன்று. பிறர் செய்த பிழை அங்கே ஏறியிருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்திடம் முறையிட்டுத் திருத்திக்கொள்ளலாம். நண்பன் கேட்டான், மைத்துனன் கேட்டான் என்று யோசியாது பிணைக்கு ஒப்பமிடாதீர்கள். அவன் தவறினால் உங்கள் பக்கமும் கறுத்துவிடும். உங்கள் மகளின் வீடு அதனால் நின்றுவிடும். காணி உறுதி இல்லாதவர் திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் பிரதி தேடும் வேலையை இன்றே தொடங்குவது நல்லது. வங்கி கேட்கும் நாளில் தேடப் போனால் காலம் கடந்துவிடும். வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணையாகக் கட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள். வாசிக்காத தாளில் ஒப்பமிடாதீர்கள். வாசித்துச் சொல்ல ஊரில் படித்த இளைஞர் இருக்கின்றனர்.

ஈடு என்பது விளையாட்டன்று என்பதையும் சொல்லிவைக்கிறோம். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் செல்லாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிக்குக் கொடுத்தது. ஐம்பது இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த முதலையுடைய கடன்களுக்கு இச்சட்டத்தைப் பயன்படுத்தலாகாது என 2011 இல் திருத்தம் வந்தது. சிறு கடனாளிக்கு அது ஒரு கேடயம். கேடயம் இருக்கிறது என்று தவணையைத் தவறவிட்டால், அடுத்து வரும் சிறு கடனாளிக்கு வங்கிக் கதவு மேலும் இறுகும். நம்மில் ஒருவர் ஒழுங்காகக் கட்டி முடிக்கும் கடன், நம் ஊரில் இன்னும் பத்துப் பேருக்குக் கதவு திறக்கும் என்பதை மறவாதிருப்போம்.

மூதூர் மக்கள் தருமம் கேட்கவில்லை. கடன் தள்ளுபடியும் கேட்கவில்லை. வாங்குகிறோம், உழைத்துத் திருப்பிக் கட்டுகிறோம், எங்களை நம்புங்கள் என்றே கேட்கிறார்கள். கடலை நம்பி வள்ளம் தள்ளுகிறவர்கள் அவர்கள். மழையை நம்பி விதைக்கிறவர்கள் அவர்கள். அவர்களை நம்பிக் கடன் கொடுக்க ஒரு வங்கி இந்நாட்டில் இல்லையா? தமிழ் பேசும் மக்களின் பிரதிநிதிகளாய்ப் பாராளுமன்றத்தில் அமர்ந்திருப்போர் இவ்விடயத்தைக் கையில் எடுத்தல் வேண்டும். மாற்றுச் சான்று, படிப்படியான கடன், காலத்துக்கேற்ற தவணை, தமிழில் விடை என்னும் இந்நான்கையும் திருகோணமலை மாவட்டத்திலாவது சோதனையாகத் தொடங்குமாறு நிதியமைச்சையும் மத்திய வங்கியையும் அவர்கள் வற்புறுத்தட்டும்.

பக்கம் வெறுமையாய் இருப்பது மூதூரின் குற்றமன்று. அதில் முதல் வரியை எழுத இடங்கொடாதிருப்பதே குற்றம். எழுதுகோலை அவர்கள் கையிற் கொடுங்கள். தம் நாணயத்தை அவர்களே எழுதிக் காட்டுவார்கள்.